பூண்டு மணந்த புதுத்தண்ணீர்

அண்ணி,

மழை சற்று விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் பூண்டு உரிக்கிறார்கள். அங்கே பிள்ளை பிறந்திருக்கிறது, லேகியத்துக்காக இருக்கும். முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற சத்தத்தோடு அந்த வாசனையும் என் அறைக்குள் வந்தது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அங்கே பேச்சு நின்றது. பிறகு ஒரு குரல், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது: "டீச்சரம்மாவுக்குப் பூண்டு ஆவாதாம். மீனு துன்ற வூட்ல பொறந்துட்டு இன்னா ஜம்பம் பாரு."

நீ இருந்தால் ஜன்னலைத் திறந்து அதற்குத் தகுந்த பதில் ஒன்று கொடுத்திருப்பாய். அவர்களும் சிரித்து, உனக்கு ஒரு பிடி பூண்டும் கொடுத்திருப்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட பதில் எல்லாம் மறுநாள்தான் தோன்றும். அதனால்தான் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ எழுத்துப் படித்தவள் இல்லை. "எனுக்கு எதுக்குடி கடுதாசி? வாய் கீதுல்ல, சொல்லேன்" என்பாய். வாயால் சொல்லத்தான் நாளைக் காலையில் பட்டணத்து ஆபீஸ் ஒன்றுக்குப் போகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன் உன்னைக் கட்டிக்கொண்டு எண்ணூருக்கு வந்தபோது எனக்குப் பாவாடை வயது. எனக்கு வாய் இல்லை என்பதை நீ வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாய். அதற்குப் பிறகு வெளியுலகத்தோடு எனக்கிருந்த பேச்சுவார்த்தையெல்லாம் உன் மூலமாகத்தான். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் "எங்கே?" என்று கேட்டாலே நான் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் போவாய். "பேசின் பிரிட்ஜுக்கு ஒண்ணு குடு நைனா. பொண்ணு காலேஜி போவுது. லேட்டாச்சின்னா உன் பேரத்தான் சொல்லும்." அவர் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுப்பார்.

காலேஜில் சேர்த்த அன்றும் அப்படித்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஏதோ கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும், வாயில் வரவில்லை. மீன் வாடை போக இரண்டு தரம் குளித்துவிட்டு வந்திருந்த நீ, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "அதுக்குப் பேச வராதும்மா. ஊமைன்னு நெனச்சிக்காதீங்க. உள்ள நெறைய கீது. வர்றதுக்குக் கொஞ்சம் நாழியாவும்."

உள்ளே இருந்தது வெளியே வந்த இடம் ஒன்று உண்டு. அது உனக்கு மட்டும்தான் தெரியும். கழிமுகத்தில் நீ இறால் தடவும் இடம். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவாய். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பிடிக்க ஆள் கிடையாது. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாய். ஓலைப் பறி உன் தாடைக்குக் கீழே மிதந்துகொண்டு வரும். பிடித்த இறாலை அப்படியே அதற்குள் போடுவாய். அந்த வேலை முடிகிறவரை உன்னால் வாயைத் திறக்க முடியாது. ஊரிலேயே பெரிய வாய் கட்டுண்டு கிடக்கிற அந்த நேரத்தில், கரையில் நடந்துகொண்டே நான் பேசுவேன். காலேஜில் படித்தது, ரயிலில் பார்த்தது, யாரோ என் புடவையைப் பார்த்துச் சிரித்தது எல்லாம். நீ "ம்" என்பாய், "ம்ம்" என்பாய், சில சமயம் புருவத்தைத் தூக்குவாய். உன்னைப்போல என் பேச்சைக் கேட்டவர்கள் எனக்கு இல்லை. கயிறுதான் காரணம் என்றாலும் எனக்குச் சம்மதமே.

ஒருநாள் தண்ணீர் என்பது இரண்டு காற்றுகள் சேர்ந்து ஆனது என்று உனக்கு விளக்கினேன். நீ அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தாய். பிறகு கயிற்றைத் துப்பினாய். "காத்தா? அப்போ எம் முதுகுல ஈரம் எங்கேர்ந்துடி வந்துது? உங்க வாத்திச்சிய ஒருநா இங்க வந்து குந்தச் சொல்லு." பறி மிதந்து போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு நீ ஓடியதில் பாதி இறால் திரும்பத் தண்ணீருக்கே போனது.

புதுத்தண்ணீரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நாளைக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கு அது தெரியாது. ஆகவே சொல்லிப் பழகுகிறேன். ஐப்பசியில் மேற்கே மழை பெய்து, வயல்களின் தண்ணீர் வாய்க்கால் வழியாக மதகடிக்கு வந்து, நம் உப்புத் தண்ணீரில் கலக்கிற முதல் நாள். உப்பிலேயே வளர்ந்த மீனும் இறாலும் நல்ல தண்ணீர் பட்டதும் கிறங்கி மேலே வரும். கையாலேயே அள்ளலாம். நம் குப்பத்தில் அதைப் புதுத்தண்ணி மயக்கம் என்பார்கள். அன்றைக்குக் கிடைத்ததை யாரும் விற்கமாட்டார்கள். ஆம்பளை கடலுக்குப் போகாத வீடுகளுக்கு முதல் பங்கு. அந்த ஒரு நாள் மட்டும் எல்லா வீட்டுச் சட்டியிலும் ஒரே குழம்பு. அம்மன் கொடுத்ததை அம்மன் கொடுத்த மாதிரியே பங்கிட வேண்டும் என்பது எத்தனையோ காலமாக நம்மவர்களுக்குப் பழக்கம்.

அதனால்தான் நாம் ஏமாந்தோம். வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் ஆற்றில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்தால் ஒதுங்கிப் போயிருப்பார்கள். நாம் பறியை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அப்போது நான் திருவொற்றியூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முந்தின நாள் இரவு மேற்கே இடி இடித்தது. காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மதகடியில் கூட்டம். மடவை மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வந்துகொண்டிருந்தன. நண்டுகள் கரைமேல் ஏறி ஓடின. வாய்க்கால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்திருந்தது. காற்றில் பூண்டு வாசனை. நீங்கள் ஐந்தாறு பெண்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தீர்கள். நீ என்னைப் பார்த்ததும் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாய்.

"பாப்பா, மேக்கால எவளோ ரசம் வெச்சி அண்டாவோட ஊத்திட்டாடி. வாசன தூக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்போ அப்பளமும் வரும், இருங்கடி" என்றாள் இன்னொருத்தி.

"சாயங்காலம் சீக்கிரமா வந்துரு. கொழம்பு வெச்சி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு நீ திரும்பக் கயிற்றைக் கடித்துக்கொண்டாய். அந்த வெளுத்த தண்ணீர் உன் உதட்டு மட்டத்தில் இருந்தது. ரயில் ஊதியது, நான் ஓடினேன்.

மத்தியானம் பள்ளிக்கு ஆள் வந்தது. நான் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மாட்டு வண்டி நின்றது, அண்ணன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ வழியிலேயே போய்விட்டாய். தண்ணீரிலிருந்து ஏறும்போதே கால் பின்னியதாம். வாயில் நுரை தள்ளியதாம். உடம்பெல்லாம் உதறியதாம். உன் கண்ணின் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கிப் போனதை அம்மா பார்த்திருக்கிறாள். உன்னோடு இறங்கிய மற்றவர்களும் உன் மாதிரியே விழுந்தார்கள். பல நாள் கிடந்து பிழைத்தார்கள். உன் பறியைச் சேற்றிலிருந்து யாரோ எடுத்து வண்டியில் போட்டிருந்தார்கள். அதில் மீன் நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி எது தெரியுமா? "வீட்ல சண்டையா? எதையாவது குடிச்சிட்டாளா?" அவன் புரியாமல் அவர் முகத்தையே பார்த்தான். அவர் கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார், செவிடனிடம் கேட்பதைப்போல.

இன்றுவரை எனக்கு அதை நினைத்தால் அழுகை வருவதில்லை. உடம்பு சூடாகிறது.

உன் காரியம் முடிந்ததும் நானும் அண்ணனும் வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தோம். நான்தான் போகலாம் என்றேன். எண்ணூரைத் தாண்டி, உப்பளம் தாண்டி, பச்சை வயல் தொடங்குகிற இடம். அங்கே தண்ணீர்த் துறையில் தகர டின்கள் கவிழ்த்துக் கிடந்தன. கழுவிக் காயவைத்திருந்தார்கள். ஒரு டின் மட்டும் வாய்க்காலுக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. மழையில் உருண்டு விழுந்திருக்கிறது. அதைச் சுற்றிய புல் கருகியிருந்தது. கிட்டே போனதும் அதே பூண்டு வாசனை. அண்ணன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

வயலில் இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். யார் என்று சொன்னோம். அவர் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"எங்க வாத்துங்கோ அம்பது போச்சிம்மா. மருந்து அட்ச்ச பையன் ரெண்டு நாளு எந்திரிக்கவே இல்ல. ஜீப்புல வந்தாங்க. படம் போட்டுக் காட்டுனாங்க. வெளச்சல் டபுளாவும்னு சொல்லி டின்னக் குடுத்தாங்க. அதும் மேல மண்டை ஓடு படம் போட்டுக் கீது. இது இன்னா சாமின்னு கேட்டேன். பூச்சிய பயமுறுத்தறதுக்குன்னு சொல்லி சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம்."

"டின்ன எங்க கழுவச் சொன்னாங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"எங்க கழுவணும்னு சொல்லல. தண்ணி கீற எடத்துலதானப்பா கழுவுவோம்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அண்ணி. உன்னைப்போல அவரும் தெரிந்த பழக்கத்தின்படிதான் செய்திருக்கிறார். அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் படத்துக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அங்கே அந்த ஜீப்புக்காரர்தான். தெரிந்தவர் விளையாட்டாகப் பதில் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அதே ஜீப் நம் குப்பத்துக்கே வந்தது. விசாரணை என்றார்கள். வலை உலர்த்துகிற கொட்டகையில் நாற்காலி போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்தில் தொப்பி வைத்த ஒருவர் நின்றார்; வயல்களில் படம் காட்டியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. கூடியிருந்தவர்களிடம் அதிகாரி எதையும் கேட்கவில்லை. நேராகச் சொல்லத்தான் தொடங்கினார்.

"செத்து மிதக்கிற மீனை எடுத்துத் தின்றால் இப்படித்தான் ஆகும். கெட்ட மீன். இனிமேலாவது சுத்தமாக இருக்கப் பழகுங்கள்."

கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்தாள். "கெட்ட மீனு எது, நல்ல மீனு எதுன்னு எங்களுக்கா சொல்லிக் குடுக்கிற? மூக்க இங்க வெச்சிட்டா பொறந்தோம்?" என்று முழங்கையைக் காட்டினாள். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், பேனாவை மூடத் தொடங்கினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நீ எதையோ குடித்தவள். இங்கே நீ கெட்டதைத் தின்றவள். இரண்டிலும் குற்றவாளி நீதான். டின்களை மறுபடி அதே துறையில் கழுவுவார்கள், அடுத்த ஐப்பசியில் மதகடியில் மறுபடி பெண்கள் இறங்குவார்கள்.

எனக்கு எதிரே அந்த இரண்டு பேர். நான் எழுந்து நின்றேன். அப்போது என்ன தோன்றியது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த அதிகாரியின் பல்லில் பறிக்கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தொப்பிக்காரர் பல்லிலும் ஒன்று. தாடைக்குக் கீழே ஓலைப் பறி மிதக்கிறது. இவர்களால் இப்போது வாயைத் திறக்க முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். பேச்சு வந்தது.

"எங்க அண்ணி அந்த மீனைச் சாப்பிடவே இல்லைங்க" என்றேன். "விடிஞ்சதும் வெறும் வயித்தோட தண்ணியில இறங்கினாங்க. அவங்க பிடிச்ச மீன் பறியிலேயே இருந்தது. சாப்பிட்டவங்க ஊர் பூரா இருக்காங்க. வாந்தி எடுத்துட்டு எழுந்துட்டாங்க. கரையில நின்னு வலை வீசின ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. விழுந்தவங்க எல்லாரும் கயித்தைக் கடிச்சிக்கிட்டு வாய் மட்டத் தண்ணியில இருந்தவங்க. மேற்கே மருந்து டின் கழுவின தண்ணிதான் கெட்டது. மீன் இல்லை."

அம்மா என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்படியானால் முந்தின நாள் சாப்பிட்டிருப்பாள்" என்றார் அதிகாரி.

தொப்பிக்காரர், அளவோடு தெளித்தால் அந்த மருந்து மனிதரை ஒன்றும் செய்யாது என்றார். அப்படியானால் மண்டை ஓடு எதற்கு என்று கேட்டேன். "எது வரைக்கும் படிச்சிருக்கே?" என்றார். பி.எஸ்ஸி. என்றேன். அவர் அதிகாரியிடம் குனிந்து, இதுகளையெல்லாம் படிக்கவைத்தால் இப்படித்தான் என்று இங்கிலீஷில் சொன்னார். அதுவும் எனக்குப் புரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கெட்ட மீன் என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள்.

நம் பெண்கள் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார்கள். உன் பறியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஐப்பசியில் இடி இடித்தால் மறுநாள் விடிவதற்குள் மதகடிக்குப் போய்விடுவேன். உப்புத் தண்ணீர்ப் பக்கம் பிடித்த உயிர் இறாலை உன் பறியில் போட்டு, நீளக் கழியில் கட்டி வாய்க்கால் தண்ணீரில் இறக்குவேன். வெயில் பனைமரத் தலைக்கு வருகிறவரை யாரும் இறங்கக்கூடாது. இறால் துள்ளினால் இறங்கலாம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் துள்ளியது. மேற்கே அந்தப் பெரியவரின் ஊரில் பயந்துபோய் மருந்தைத் தொடவில்லை. நம்மவர்கள் இறங்கினார்கள், பங்கிட்டார்கள்.

இன்று காலை துள்ளவில்லை.

கழியைத் தூக்கியபோது எல்லாம் சுருண்டு வெளுத்துக் கிடந்தன. வாசனை வந்தது. ஜீப் இப்போது வேறு ஊர்களுக்கும் போகிறது, டின்கள் முன்னைவிட அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மடவைகள் சாய்ந்து சாய்ந்து வந்தன. என் பின்னால் பறிகளோடு நின்றவர்களைப் பார்த்து, "யாரும் எறங்காதீங்கடி" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்; அது உன் குரலாக இருந்தது.

இந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். "இன்னிக்கி எறங்காத, நாளைக்கி எறங்காதன்னா, நாங்க இன்னாத்த டீச்சரு துன்றது? கடலும் பொங்கிக்கினு கீது, வூட்ல ஒண்ணும் இல்ல."

அது என்னைக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அதைத்தான் சொன்னேன். கேட்க வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். பட்டணத்தில், ஒரு மேஜைக்குப் பின்னால் என்றேன்.

"அப்போ அங்கயே போவலாம்" என்றாள். "செத்த மீன எட்த்துக்கினு போயி மேஜ மேல கொட்டலாம்."

"கெட்ட மீன்னு மறுபடி எழுதிடுவாரு" என்றேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. செத்ததைக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு கொண்டுபோக வேண்டும். ஒரு குடத்தில் உப்புப் பக்கத்துத் தண்ணீரில் துள்ளுகிற இறால். ஒரு குடத்தில் மதகடித் தண்ணீர், வாயைத் துணியால் இறுகக் கட்டி. அவர் கண் முன்னால், அவர் மேஜைமேல், இதிலிருந்து எடுத்து அதில் விட வேண்டும். பிறகு கெட்டது மீனா தண்ணீரா என்று அவரே பார்த்து எழுதட்டும்.

பெண்களுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "அப்பிடியே ஒரு வாய் குடிச்சிப் பாரு நைனா, ரசந்தான்னு சொல்லு டீச்சரு" என்று உன்னோடு அன்று விழுந்து பிழைத்தவள் சொன்னாள். அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் போகிறோம். கூடைக்காரிகள் என்று ரயிலில் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும். ஸ்டேஷனில் எல்லோருக்கும் டிக்கெட் நான்தான் கேட்க வேண்டும். அந்த ஆபீஸ் வாசலில் தடுப்பவரிடமும் நான்தான் பேச வேண்டும். உன் பறி என் இடுப்பில் இருக்கும். அதன் கயிற்றில் நீ கடித்துக் கடித்துத் தேய்ந்த இடம் இன்னும் இருக்கிறது, விரலால் தடவினால் தெரியும்.

மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர் பல்லில் அந்தக் கயிறு இருப்பதாக நினைத்துக்கொள்வேன். நீ கேட்டதுபோல அவர் கேட்க மாட்டார். நிறுத்து என்பார், வெளியே போ என்பார். இறால் சாக எவ்வளவு நேரம் ஆகுமோ, அதுவரைக்கும் நான் பேசிக்கொண்டே இருப்பேன், அண்ணி.